போகப் போகப் பிடிக்கும்

உதிரிபாகக் கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை. ஒரே மாடல் காருக்கு, கடையில் இருக்கிற அத்தனை கம்பெனியிலும் முன்சக்கர பிரேக் பேட் ஒவ்வொரு செட் வேண்டும் என்று ஒருத்தர் வந்து நின்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எதிரிலேயே கடை போடப் போகிறீர்களா சார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கவனம் பெட்டிகளில்தான் இருந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பேட்டை வெளியே எடுத்து, நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண் காரில் செத்துப்போய்விட்டாள், அதற்குத்தான் இந்த ஆராய்ச்சி என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. வாயை மூடிக்கொண்டு பைகளைத் தூக்கிக்கொண்டேன்.

அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். வைத்த பெயர் சான்றிதழ்களில் மட்டும் இருந்தது. சின்ன வயதில் அவள் அடித்த கொட்டத்துக்கு வேறு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. பெரியவளாகி, வேலைக்குப் போய், தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகிற காலத்திலும் வாலுதான். ஒரு நாள் காலை அலுவலகத்துக்குப் போகிற வழியில் கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது.

என் வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தவர். நாலு பொருளை ஒப்பிட்டுப் பார்க்காமல் அவருக்கு எதையும் வாங்கத் தெரியாது. வாளி வாங்கப் போனால் கடையிலிருக்கிற வாளிகளையெல்லாம் கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார். என்னைக் கட்டிக்கொள்ளும்போது மட்டும் ஏன் இப்படித் தட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டால், "அவசரப்பட்டுட்டேன்" என்பார். அப்படிப்பட்டவர் மகளுடைய காருக்குப் பேட் மாற்றும் நேரம் வந்தபோது சும்மா இருப்பாரா? எந்தக் கம்பெனி பேட் சத்தம் போடும், எது சீக்கிரம் தேயும், எது டிஸ்க்கைத் தின்னும் என்று எல்லாம் விசாரித்தார். கார்ப் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, கெட்டியான நீலப் பெட்டி பேட்தான் நாள்பட உழைக்கும் என்றான். இவர் பச்சைப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். அது மெத்தென்ற பேட். சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆனால் லேசாக மிதித்தாலே போதும். "வாலுவுக்குப் பூ மாதிரி கால், அவளுக்கு இதுதான் சரி" என்றார். உங்கள் பெண் பூ மாதிரி காலால் எட்டி உதைத்த அலமாரிக் கதவு இன்னும் சரியாக மூடவில்லை என்று நான் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம்.

பேட் மாற்றின அன்று சாயங்காலம் சாவியை மேசையில் போட்டுவிட்டு, "அப்பா, பிரேக் சரியா பிடிக்கலப்பா" என்றாள். இவர் தலையைக்கூடத் தூக்காமல், "புதுசுதானே, போகப் போகப் பிடிக்கும்" என்றார். அது சரியான பதில்தான். புதுப் பேட் டிஸ்க்கோடு பழகக் கொஞ்சம் ஓட வேண்டும். என் தம்பியும் எல்லாரிடமும் அதையேதான் சொல்வான்.

ஆனால் எங்கள் வீட்டில் வேறு விஷயங்களுக்கும் அதுவே பதிலாக இருந்தது. அந்த வேலை பிடிக்கவில்லை என்று வாலு பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். என்னடி என்றால் ஒன்றும் பிடிக்கவில்லை என்பாள். போகப் போகப் பிடிக்கும் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். சரி, பிடித்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டோம்.

விபத்து நடந்தபோது அவளுக்குப் பின்னால் ஒரு பால் வேன் வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறக்கப் பார்த்தார், அவளுடைய போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டதும் அவர்தான். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று இவர் கத்தியதற்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "பிரேக் பிடிக்கலங்க." போலீஸிடமும் அதையேதான் சொன்னாராம்.

நம் பேச்சில் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிரேக் தன் வேலையைச் செய்யவில்லை என்றும் அர்த்தம். ஓட்டியவள் பிரேக்கை மிதிக்கவில்லை என்றும் அர்த்தம். யார் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிற வாக்கியம். என் வீட்டுக்காரர் முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் அந்த அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். சாலையில் டயர் தேய்ந்த தடமே இல்லை என்றார். தூக்கத்தில் கண் சொருகியிருக்கலாம் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, சமீபத்தில் பெண் மனசு சரியில்லாமல் இருந்தாளா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "பிரேக் பிடிக்கல சார். பேட் நான் வாங்கினது. என் தப்பு, எழுதிக்கோங்க" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

உலகத்தில் எல்லாரும் பழியைத் தட்டிக்கழிக்கத்தான் அலைகிறார்கள். இந்த மனிதர் பெற்ற பெண்ணைக் கொன்ற பழி தனக்கு வேண்டும் என்று அலைந்தார். எனக்கு அது புரியாமல் இல்லை. பேட் கெட்டது என்றால் அவர் குற்றவாளி, ஆனால் வாலு கடைசி நொடிவரை வாழ ஆசைப்பட்டவள். பேட் நல்லது என்றால் அவர்மேல் தப்பில்லை. அப்புறம் வாலுவைப் பற்றி என்ன நினைப்பது? அந்த இரண்டாவது பக்கத்தை அவரால் நினைக்க முடியவில்லை.

நொறுங்கின காரை என் தம்பியின் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். இடது பக்கச் சக்கரம் உள்ளே நசுங்கிக் கிடந்ததால் வலது பக்கத்துப் பேட்டை மட்டும் கழற்ற முடிந்தது என்றான். அதை அவரிடம் காட்டினான். கனம் அப்படியே இருந்தது. எண்ணெய் படவில்லை, விரிசல் இல்லை, குழாயிலும் கசிவு இல்லை. "பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும் மாப்ள, ஓட்டிப் பார்த்தாத்தானே தெரியும்" என்றார் இவர். காரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். இவர் என்னைக் கூட்டிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனார்.

தம்பியிடம் அதே மாடல் கார் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதை எடுத்துக்கொண்டு, மூடிக்கிடக்கும் தொழிற்சாலை ஒன்றின் பின்பக்கச் சாலைக்குப் போவோம். அகலமான சாலை. நாய்கூடக் குறுக்கே வராது. இவர் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுவார். தூரத்திலிருந்து ஒரே வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் மிதிப்பார். கார் நிற்கும் இடம்வரை நான் அளக்க வேண்டும். நான் துணிக்கடையில் ஆல்டரேஷன் வேலை செய்கிறவள். இத்தனை வருஷமாக ஊரார் இடுப்பையும் தோளையும் அளந்த கை. டேப்பின் ஒரு முனையைச் சுண்ணாம்புக் கோட்டில் வைத்து அழுத்திக்கொண்டு குந்தியிருக்கும்போது, பைத்தியம் பிடித்தது அவருக்கா எனக்கா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு பெட்டி. எந்தப் பேட்டும் பழகாமல் பரீட்சைக்கு வரக்கூடாது என்று கண்டிப்பு. அதனால் வாரம் முழுக்கத் தம்பி அந்தப் பேட்டோடு காரை ஓட்டிப் பழக்கி வைக்க வேண்டும். பட்டறை வேலையை விட்டுவிட்டு அவனும் செய்தான். மாமா கேட்கிறார் என்று ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நீலப் பெட்டி கொஞ்சம் தள்ளி நின்றது. மஞ்சள் பெட்டி கிறீச்சென்று கத்திக்கொண்டு அதற்கும் தள்ளி நின்றது. இன்னொன்று, பெயரே கேள்விப்படாத கம்பெனி, பரவாயில்லாமல் நின்றது. கடைசியாகப் பச்சைப் பெட்டி.

அன்றைக்கு அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் வந்தார். கோட்டைத் தொட்டார், மிதித்தார். கார் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு கிட்டத்திலேயே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் விடக் கிட்டத்தில். நான் டேப்பை நீட்டவே தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

நாம் பார்த்துப் பார்த்து வாங்கின பொருள் நல்ல பொருள்தான் என்று தெரிந்தால் எந்த மனிதனுக்கும் முகம் மலரும். இவர் முகம் செத்துப்போனது. இன்னொரு தடவை என்றார். மறுபடியும் அதே இடம். இன்னொரு தடவை. என் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. "பச்சை மெது பேட் மாமா. சூடு ஏறாம இருக்கும்போது இதுதான் சட்டுனு கவ்வும்" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

விபத்து நடந்த அன்று பனி பெய்திருந்தது, சக்கரம் ஈரமாக இருந்திருக்கும் என்று அடுத்த வாரம் இவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சக்கரத்தில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். நின்றது. பிறகு சூடு ஏற்றிப் பார்த்தார். அந்தச் சாலையில் மேலும் கீழுமாக ஓட்டி, மிதித்து மிதித்து, கருகல் நாற்றம் வரும்வரை விடவில்லை. அப்போது பச்சைப் பெட்டி கொஞ்சம் வழுக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றது. இறங்கி ஓடி வந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் கண்ணில் உயிர் தெரிந்தது. "பாத்தியா, பிடிக்கல பாத்தியா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

என் தம்பி, அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன், தலையைச் சொறிந்துகொண்டே, இந்தச் சூடு மலைப்பாதையில் இறங்கினால்தான் ஏறும், நம் வீட்டிலிருந்து பாலம்வரை சமதரை, அதற்குள் பேட் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது என்றான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன். டேப் கையில் இருந்தது.

இதற்குமேல் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவர் சாலையில் தேடுவதை நான் நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பால் நிறுவனத்தின் வேன்கள் நிற்கும் கொட்டகைக்குப் போனேன். அன்று எங்களைக் கூப்பிட்ட ஓட்டுநர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

சுற்றி வளைக்கத் தெரியாதவள் நான். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னீர்களே, பிரேக்கா, பெண்ணா என்று கேட்டேன்.

அவரும் இன்னொரு கிரேட்டை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "பாப்பா பிரேக்கே பிடிக்கலம்மா. பிரேக் வேலை செய்யுதோ இல்லையோ, காலை வச்சாப் பின்னாடி செவப்பு லைட் எரியணும். முன்னாடி சிக்னல்ல எரிஞ்சுச்சு. வளைவுல எரியவே இல்ல. நான் ஹாரன் அடிச்சேன்மா. விடாம அடிச்சேன்."

தூங்கிவிட்டாளா என்று கேட்டேன். தூங்கியிருப்பாள் என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன். தலை நிமிர்ந்துதான் இருந்தது, கண் எனக்குத் தெரியாதும்மா என்றார். அவர் நல்லவர். தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. கண் திறந்தபடியே தூங்குகிறவர்கள் உண்டு, திடீரென்று கண்ணை இருட்டிக்கொண்டு வருவது உண்டு. நான் அதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் மனசில் நிற்கவில்லை.

வீடுவரை நடந்தே வந்தேன். முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவள்மேல்தான். ஒரு மிதிதானே கண்ணே. பூ மாதிரி மிதித்தாலே போதும் என்றுதானே உன் அப்பா பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாம், வீட்டை விட்டு ஓடியிருக்கலாம், என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டு வாசலுக்கு வரும்போது கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. உள்ளே அவர் பேட் பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். கடையில் வேலை அதிகம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் போனோம். அவர் பச்சைப் பெட்டியோடு ஒரே ஒரு தடவை ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. இறங்கி வந்து சாலை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். தம்பி காரை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நல்ல பேட்தான்" என்றார். "நான் சரியாத்தான் வாங்கியிருக்கேன்."

அந்தக் குரலை நான் முன்னே கேட்டதில்லை. பெண்ணை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் அப்படிப் பேசவில்லை. அன்று அழவும் இல்லை. அன்றிலிருந்து அந்த ஞாயிறுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பால் வேன்காரர் எங்கே இருப்பார் என்று தெரியும், நாளைக்குப் போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

அந்த நல்ல மனிதர் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு இவரையும் உட்காரச் சொல்வார். இவரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்வார். இவர் அங்கிருந்து எழுந்து வீட்டுக்கு வருவாரா? வந்தாலும் அது இவராக இருக்குமா?

"என்னத்தக் கேக்கப் போறீங்க?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "கேக்க என்ன இருக்கு? நீங்க வாங்குன பேட் பிடிக்கல. நான் ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும். நம்ம பொண்ணைக் கொன்னது நீங்கதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தம்பியின் கையில் ஸ்பேனர் அப்படியே நின்றது. அவனும் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனையே பார்த்தேன். ஒரே வயிற்றில் பிறந்தவன், சின்னதிலிருந்து என் கண்ணைப் படிக்கத் தெரிந்தவன். அவன் வாயிலிருந்து இதுவரை ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தான்.

"அக்கா சொல்றது நெசம்தான் மாமா. இடது பக்கத்துப் பேட்டை எடுக்க முடியலைன்னு சொன்னேன்ல, அது பொய். அறுத்து எடுத்தேன். பேட் தகட்டோட ஒட்டவே இல்ல, தனியாக் கழண்டு கிடந்துச்சு. இந்த செட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு வந்த அந்த ஒரு செட்டு மட்டும் பழுது. உங்ககிட்டக் காட்ட மனசு வரல, தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. எந்தக் குப்பையில் போட்டாய், எப்போது, காட்டு என்று கேட்கவில்லை. ஒரு வாளியை நாலு தடவை தட்டிப் பார்க்கிறவர், இதைத் தட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"மிதிச்சிருப்பால்ல?" என்றார்.

"மிதிச்சா" என்றேன். "ரெண்டு காலாலயும் மிதிச்சா. பொழைக்கணும்னு மிதிச்சா. உங்க பேட்தான் அவளைக் கைவிட்டுருச்சு."

அவர் அழுதார். சாலையில் அப்படியே குப்புறச் சாய்ந்து, தார்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, வாய் விட்டு அழுதார். வாலு, வாலு என்று கூப்பிட்டு அழுதார். அப்பா மன்னிச்சிரு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி கார்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். நான் போய் அவர் முதுகைத் தொடவில்லை. அவர்மேல் கோபமாக இருக்கிறவள் தொடமாட்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் அவராகவே தட்டை எடுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். பேட் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்தார். வாலுவின் அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து, அவள் சின்ன வயதில் பண்ணின சேட்டைகளைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே என் முகத்தைப் பார்த்தார், ஏதாவது பேசுவேனா என்று. நான் பேசவில்லை. ஒரு வார்த்தை பேசினால்கூட அவரை மன்னித்துவிடுவேன், மன்னித்தால், அவர் ஒரு தப்பும் செய்யாதவர் என்பதும் வெளியே வந்துவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.